சலவைக்கு வந்த தூக்கம்

அந்தச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. முதலாளிக்கும் அக்கா, அவளைவிட வயதில் மூத்த கணக்கருக்கும் அக்கா, வண்டி ஓட்டுகிற வாயாடிக்கும் அக்கா. உண்மையில் அவளுக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒருவன்தான். அவன் ஒருவனே பத்துத் தம்பிகளுக்குச் சமமாகப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தான் என்பது வேறு விஷயம்.

கூடம் எந்நேரமும் ஆவியில் மிதக்கும். ஒரு பக்கம் சுழலும் தொட்டிகள், மறுபக்கம் ஆள் உயரத்துக்குச் சூடான இஸ்திரி உருளை. நடுவில் அக்கா. விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மறுவாழ்வு இல்லங்களிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வந்து இறங்கும். எந்த இடத்து மூட்டை என்பதைக் கழுத்தில் கட்டிய நாடாவின் நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம். அக்காவுக்கு நாடாகூட வேண்டாம். விரிப்பை உதறி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும், படுத்தவன் எப்படித் தூங்கினான் என்று சொல்லிவிடுவாள். ஓரம் முழுக்கக் கசங்கியிருந்தால் புரண்டு புரண்டு படுத்தவன். நடுவில் மட்டும் குழி விழுந்திருந்தால் அலுப்பில் விழுந்தவன். தலைமாட்டில் உப்புப் பூத்திருந்தால் அழுதவன். யாருடைய தூக்கம் என்று தெரியாது, ஆனால் எல்லாத் தூக்கமும் தன் கை வழியாகத்தான் போகிறது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. தொட்டியிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் வெளியேறும்போது, ஊராருடைய கனவெல்லாம் கரைந்து சாக்கடைக்குப் போகிறதே என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். வேலை கெட்டுப்போகும் அளவுக்கு நிற்பாள்.

மறுவாழ்வு இல்லங்களில் இரண்டு அவளுக்கு நன்றாகத் தெரியும். நேரில் அல்ல, துணியாக. நீல நாடா இல்லத்து விரிப்புகள் அவளுக்கு உயிர். கறை இல்லை, கசங்கல் இல்லை, அவள் உருளையில் போட்ட மடிப்புக் கோடுகூடக் கலையாமல் திரும்பி வரும். லேசாக வாசனைத் தண்ணீர் மணக்கும். "இப்படியும் தூங்குவாங்களா மனுஷங்க, பச்சப்புள்ள மாதிரி" என்று தடவிப் பார்ப்பாள். மஞ்சள் நாடா மூட்டையைப் பிரித்தாலோ அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தேநீர்க் கறை, சேறு, வண்ண மை, பிஸ்கட் தூள், போதாக்குறைக்குக் கால்மாட்டில் ஷூ தடம். ஷூவோடு படுக்கையில் ஏறுகிற ஜென்மங்கள்! "மாட்டுக்கொட்டகைல இருந்து வருதா இது?" என்று வீடு வரைக்கும் வைதுகொண்டே வருவாள்.

வைது முடித்து வீட்டுக்குள் நுழைந்தால், அங்கே அவள் தம்பி ஷூவைக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருப்பான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

தம்பி மின்தூக்கி பழுது பார்ப்பவன். நல்ல வேலைக்காரன், நல்ல குசும்பன். அவனும் அவனுடைய கூட்டாளியும் இரட்டை மாடு மாதிரி எந்தக் கட்டடத்துக்கும் சேர்ந்தே போவார்கள். ஒரு நாள் தம்பி மேலே நின்று விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தபோது கூட்டாளி கால் தவறி மின்தூக்கிக் குழிக்குள் விழுந்துவிட்டான். தம்பி கையில் விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. கீழே பார்த்தான். அதன் பிறகு அவன் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. படுத்தால் தரை நழுவுகிறது என்பான். உட்கார்ந்தே தூங்குவான், கதவுப் பக்கம், ஷூ நாடா இறுக்கிக் கட்டியபடி. எப்போது வேண்டுமானாலும் ஓடியாக வேண்டும் என்பது போல. ஒருமுறை அவன் தூங்கும்போது அக்கா அதைக் கழற்றப் பார்த்து, வாங்கிய உதையில் தோள் வீங்கியது. குடி அதன் பின்னாலேயே வந்தது. முதலில் தூங்குவதற்குக் குடித்தான், பிறகு எழுந்திருப்பதற்குக் குடித்தான்.

கடைசியில் மருத்துவமனையில் சேர்த்து, அவன் உடம்பிலிருந்து குடியை வடிய வைத்தார்கள். அங்கே ஷூவைக் கழற்றிப் படுக்க வைத்தார்கள்தான். ஆனால் அது ஊசி போட்ட தூக்கம், அவனுடையது அல்ல. வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உடம்பை நாங்க பாத்துட்டோம்மா. மிச்சத்தை ஒரு நல்ல இல்லத்துலதான் பாக்கணும். குடியை மட்டும் நிறுத்தற இடம் போதாது. அவர் பாத்தாரே, அந்த அதிர்ச்சிக்கும் சேர்த்து வைத்தியம் இருக்கணும். ரெண்டையும் பிரிச்சா ரெண்டும் திரும்பி வரும். பக்கத்துலயே தேடுங்க, நீங்க போய்வர வசதியா. போன்ல கேட்டு முடிவு பண்ணாதீங்க. நேர்ல போங்க, உள்ள இருக்கிறவங்க எப்படி இருக்காங்கன்னு பாருங்க."

அக்கா ஏற்கெனவே போனில் கேட்டுக் களைத்திருந்தாள். ஓர் இடத்தில் "ஆளு முரடா? நாங்களே வந்து தூக்கிட்டுப் போயிடுவோம்" என்றார்கள். அவள் அந்தப் போனைச் சுடு பாத்திரம் போல் கீழே வைத்தாள்.

வாசலில் தம்பி மருத்துவமனைப் பெஞ்சில் காத்திருந்தான். முகம் வெளுத்து, சட்டை தொளதொளத்து, காலில் மட்டும் அந்த ஷூ. மருத்துவமனைக்காரர்கள் திருப்பிக் கொடுத்ததும் முதல் வேலையாக மாட்டியிருந்தான்.

"அக்கா, வீட்டுக்கு வேணாம். வீட்டுக்குப் போனா தெருமுனைக் கடைக்கும் போயிடுவேன். எங்கயாவது நேரா கொண்டு போய் விடு. இன்னைக்கே."

"நாளைக்குப் பொறுமையா..."

"நாளைக்கு நான் இதே ஆளா இருப்பேன்னு சொல்ல முடியாதுக்கா. இன்னைக்குச் சரின்னு தோணுது. ஒரு இடம் சரியில்லாமப் போனா, அப்புறம் எந்த இடத்துக்கும் வர மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்."

அக்காவிடம் விடை தயாராக இருந்தது. இவ்வளவு காலமும் அவள் தடவித் தடவிப் பார்த்த அந்த நீல நாடா. மடிப்புக் கலையாத அந்தத் தூக்கம். தம்பிக்கு வேறு என்ன வேண்டும்?

சலவை வண்டி அன்றைக்கு அந்தப் பக்கம்தான் போகிறது. ஓட்டுகிறவனுக்கு வானொலி என்று பெயர். காலையில் வாயைத் திறந்தால் வண்டியை நிறுத்துகிற வரைக்கும் மூட மாட்டான், யாரும் கேட்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. வழியில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அக்கா மட்டும் உள்ளே ஓடி, தம்பிக்கு மாற்றுத்துணியும் கட்டம் போட்ட பழைய படுக்கை விரிப்பு ஒன்றும் எடுத்து வந்தாள். அம்மா இருந்த காலத்திலிருந்து வீட்டில் கிடக்கும் விரிப்பு. சிவப்புக் கட்டம் வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது.

தம்பி இறங்காமல் வண்டியின் பின்புறம், துவைத்த மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். மதிய வெயில் கண்ணாடி வழியே மூட்டைகள் மேல் ஊர்ந்தது. சூடான துணி வாசனையில் வண்டி தொட்டில் போல் ஆட, வானொலியின் பேச்சு எங்கோ மழை பெய்வது போல் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா முன்னால் உட்கார்ந்து அரைக்கண்ணால் கனவு கண்டாள். வெள்ளை விரிப்பு. அதன் நடுவில் தம்பி. புரளாமல், முனகாமல். காலையில் அவன் எழுந்து போன பிறகும் மடிப்புக் கோடு அப்படியே.

நீல நாடா இல்லம் கண்ணாடியும் பளிங்குமாக இருந்தது. வரவேற்பில் மீன்தொட்டி. மீன்கள்கூடச் சத்தம் போடாமல் வரிசையில் போவது போல் இருந்தது. நிர்வாகி இஸ்திரி கலையாத சட்டையோடு வந்தார். அந்த மடிப்பு அக்காவின் சலவைக் கண்ணுக்குப் பிடித்திருந்தது.

"அறைகள் எல்லாம் மாடியில. வாங்க, மின்தூக்கில போயிடலாம்."

தம்பி அந்தக் கதவைப் பார்த்த மாத்திரத்தில் மரமானான். நெற்றியில் வேர்த்தது.

"படி இல்லீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"இருக்கு. பூட்டி வெச்சிருக்கோம். பாதுகாப்புக்கு."

அக்கா தம்பியை வானொலியிடம் ஒப்படைத்துவிட்டுத் தான் மட்டும் மேலே போனாள். தாழ்வாரம் தண்ணீருக்கடியில் இருப்பது போல் நிசப்தமாக இருந்தது. அறைக்கு அறை கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலிலும் அவள் கையால் மடித்த விரிப்பு. மூலையை உள்பக்கம் ஒடித்து மடிப்பது அவள் பழக்கம், வேறு யாரும் அப்படி மடிப்பதில்லை. தன் பிள்ளைகளைப் பார்ப்பது போல் அவளுக்கு மனம் குளிர்ந்தது. குளிர்ந்த மனம் அடுத்த அறையில் கொஞ்சம் தயங்கியது. கட்டில்கள் காலி. மதியம்தானே, எங்காவது வேலையாக இருப்பார்கள். அதற்கடுத்த அறையின் பின்பக்கம் ஒரு தடுப்பு. தடுப்புக்கு அப்பால் ஆட்கள் இருந்தார்கள். வெறுந்தரையில், வரிசையாக, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். ஒருவர் மட்டும் விழித்திருந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் முகம்.

"ஏங்க கீழ படுத்திருக்கீங்க? கட்டில் இருக்கே?" என்று அவள் ரகசியமாகக் கேட்டாள்.

"கட்டில் பாக்க வர்றவங்களுக்கும்மா. நாங்க படுத்தா விரிப்பு கசங்கிடும், திட்டுவாங்க" என்றார் அவர். அதைச் சொல்லிவிட்டு, சொல்லியது தப்போ என்பது போல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா அருகிலிருந்த கட்டிலில் கை வைத்தாள். மடிப்புக் கோடு விறைப்பாக இருந்தது. இத்தனை காலமும் அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டது யாருடைய தூக்கமும் இல்லை. யாரும் படுக்காத துணியை வாரந்தோறும் துவைத்து, அதைப் பார்த்து ஏங்கியிருக்கிறாள். விரிப்புகளோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டாமா? ஆசைப்பட்டால் இப்படித்தான், எதிரில் இருப்பது தெரியாது. தன்னையே நாலு அறை அறையலாம் போல் அவளுக்கு வந்தது.

கீழே வந்து, மருத்துவர் சொன்னதை மறக்காமல் நிர்வாகியிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். "தம்பி ஒரு சாவைக் கண்ணால பாத்துட்டான். அதுக்கு வைத்தியம் யார் பாப்பாங்க?"

"குடியை நிறுத்தினா எல்லாம் தானா சரியாயிடும்மா" என்றார் நிர்வாகி, சிரித்த முகம் மாறாமல்.

அவள் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தாள். வண்டியில் தம்பி பின்கதவைத் திறந்து ஒரு காலைத் தெருவில் ஊன்றியிருந்தான். வானொலி பேச்சை நிறுத்தியிருந்தான் என்றால் நிலைமை எப்படியென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"வீட்டுக்கே போயிடலாம்க்கா" என்றான் தம்பி.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் அவளுக்குத் தெரியாத ஆளாகிவிடுவான்.

"இன்னும் ஒரே ஒரு இடம்டா. மஞ்ச நாடா."

"மஞ்ச நாடாவா? நீ தெனமும் திட்டுவியே, மாட்டுக்கொட்டகைன்னு. அங்கயா கொண்டு போறே என்னை?"

"ஆமா. நீ மட்டும் என்ன? ஷூவோட தூங்குற மாடுதானே நீயும்?"

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி ஒரு கணம் முறைத்தான். பிறகு அவன் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. கூட்டாளி போன பிறகு அந்தக் கோணலை அவள் பார்த்ததே இல்லை. அவன் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான்.

மஞ்சள் நாடா இல்லம் தாழ்ந்த ஓட்டு வீடு. மாடியே இல்லை. முன்னால் தோட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம், பாதிக்கு மேல் சேறு. யாரோ செடி நட்டுக்கொண்டிருந்தார்கள், யாரோ சுவரில் நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள், அதில் பாதி அவர்கள் மேலேயே இருந்தது. கட்டிலில் கால் நீட்டிப் படுத்து ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தர் உட்கார்ந்து தேநீர் குடிக்க, அது விரிப்பில் சிந்துவதை அக்கா கண்ணாரப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் கை பரபரத்தது.

இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளை எல்லோரும் டீச்சர் என்றார்கள். குட்டையான உருவம், கையெல்லாம் மண்.

"சலவைக்கூடத்து அக்காவா? அடடா. எங்க விரிப்பைப் பாத்து என்ன திட்டு திட்டியிருப்பீங்க!"

"கொஞ்சம்தாங்க" என்றாள் அக்கா. வண்டிக்குள்ளிருந்து வானொலி இருமினான்.

டீச்சர் தம்பியை எதுவும் கேட்கவில்லை. அக்காதான் கேட்டாள், மூச்சு விடாமல். வைத்தியர் வருவாரா? வாராவாரம் வருவார். அதிர்ச்சிக்கு? அதற்கென்றே படித்த ஒரு பெண் இருக்கிறாள், தனியாக உட்கார்ந்து பேசுவாள், பேசப் பிடிக்காத நாளில் சும்மா கூட உட்கார்ந்திருப்பாள். கதவு பூட்டுவீர்களா? மாட்டோம்.

"ஓடிட்டா?"

"ஓடியிருக்காங்க. பஸ் நிறுத்தம் வரைக்கும் நானும் கூடவே நடந்து போவேன். நிறையப் பேர் என்னோடயே திரும்பிடுவாங்க. சில பேர் பஸ் ஏறிடுவாங்க. பொய் சொல்ல மாட்டேன்."

தம்பி அப்போதுதான் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தான்.

"நான் ஷூவைக் கழட்ட மாட்டேன்" என்றான். வந்த சண்டையை விடக்கூடாது என்பது போல.

"வேண்டாமே. இங்க நாலஞ்சு பேர் ஷூவோடதான் படுக்கறாங்க. என்னைக்குத் தோணுதோ அன்னைக்குக் கழட்டுங்க. விரிப்பு அழுக்கானா துவைக்க இவங்க இருக்காங்க."

அக்காவுக்கு மஞ்சள் நாடா மூட்டைகள் ஒவ்வொன்றாகக் கண் முன் வந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்த ஷூ தடங்கள். ஒவ்வொன்றுக்கும் மேல் ஒருவன் ஓடுவதற்குத் தயாராகப் படுத்திருந்திருக்கிறான், பொழுது விடியும் வரை ஓடாமல் இருந்திருக்கிறான். அவர்களைப் போய் மாடு என்றாளே. அவளுக்கு அழுகை வந்தது, அங்கேயே அழுதாள், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தம்பி கதவோரக் கட்டிலைக் கேட்டான். கொடுத்தார்கள். அக்கா கட்டம் போட்ட விரிப்பை விரித்தாள். அவன் அதன் மேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான், ஷூவோடு.

"நானா கூப்பிடற வரைக்கும் வராதேக்கா. போனும் பண்ணாதே. உன் குரலைக் கேட்டா வீட்டுக்கு வந்துடுவேன்."

அவள் தலையாட்டினாள்.

அடுத்த வாரம் மஞ்சள் நாடா மூட்டை வந்ததும் அதைத் தொட யாரையும் விடவில்லை அவள். வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் ரோஜா நிறக் கட்டம். விரிப்பின் மத்தியில் கறுப்பாக ஷூ தடம். ஒரே இடத்தில் அழுந்தி, உட்கார்ந்தே தூங்கியவன் தடம். ஆனாலும் அங்கேதான் இருக்கிறான். அவள் அதைத் தனித் தொட்டியில் போட்டுத் துவைத்தாள். அதற்கடுத்த வாரமும் ஷூ தடம். தடம் வரும்வரை கவலையில்லை என்று மற்ற வாரங்களையும் கடத்தினாள். ஒரு வாரம் தலைமாட்டில் உப்பு. ஒரு வாரம் சேறு. ஒரு வாரம் தடம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது, காலை நீட்டிப் பார்த்திருக்கிறான். ஆவிக்குள் நின்று அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு அவள் தம்பியோடு பேசினாள். தொட்டி கடகடவென்று பதில் சொன்னது.

பிறகு ஒரு வாரம் விரிப்பு வரவில்லை.

மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டினாள். வெள்ளை, வெள்ளை, எல்லாம் வெள்ளை. வானொலி அந்த வாரம் விடுப்பில் போயிருந்தான். மாற்றாக வந்தவனோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவன். "கொடுத்ததை எடுத்து வந்தேன்" என்பதற்கு மேல் அவனிடம் எதுவும் பெயரவில்லை. அக்கா போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். பண்ணாதே என்றானே. பண்ணி, இல்லை என்று சொல்லிவிட்டால்? பஸ் நிறுத்தம் அவள் கண்ணிலேயே நின்றது. டீச்சர் கூடவே நடக்கிறாள், பஸ் வருகிறது, தம்பி ஏறுகிறான். அந்த வாரம் முழுக்க அவள் மடித்த விரிப்புகள் கோணல்மாணலாக விடுதிகளுக்குப் போயின. வீட்டில் ஒவ்வொரு சத்தத்துக்கும் கதவைத் திறந்து தெருமுனையைப் பார்த்தாள்.

வானொலி விடுப்பு முடிந்து வந்து மஞ்சள் நாடா மூட்டையை இறக்கியபோது அவள் கிட்டவே போகவில்லை. அவனே பிரித்தான். மேலாகவே இருந்தது அது.

அவள் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தேநீர்க் கறை. நீல வண்ணம் ஒரு தீற்றல். நடுவில் நீளமாக ஒரு குழி, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, ஓர் ஆள் நீட்டிப் படுத்த நீளம். கால்மாட்டில் சேறு. ஷூ தடம் இல்லை. தோட்டத்துச் சேற்றில் மிதித்துவிட்டுக் கழுவாமல் வந்து படுத்த வெறுங்கால். குதிகாலும் விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன.

"போன வாரம் ஏன்டா வரலை இது?" என்று வானொலியைக் கேட்டாள்.

"அதை ஏன் கேக்கறீங்க. நான் இல்லாத நேரம் பாத்து, அந்த ஊமைச்சாமி போயிருக்கான். உங்க தம்பி கதவோரம் படுத்துத் தூங்கிட்டிருந்தாராம். விரிப்பை உருவணும்னா எழுப்பணுமே. டீச்சர் எழுப்ப விடலையாம். இன்னொரு வாரம் அழுக்காவே கிடக்கட்டும், அக்கா திட்டினா நான் வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டாங்களாம். இதை வந்து சொல்றதுக்கு என்ன அவனுக்கு?"

வானொலி மேலே ஏதேதோ சொல்லிக்கொண்டே போனான். அக்கா விரிப்பை முகத்தில் புதைத்துக்கொண்டாள். சேறும் தேநீரும் தம்பி வியர்வையும் மணத்தன. "மாடு" என்றாள் துணிக்குள்ளேயே. "கால் கழுவாத மாடு."

அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம் போல் இருந்தது. வைக்க முடியாது. சாயங்கால வண்டியில் அது திரும்பிப் போயாக வேண்டும், அவன் அதில் படுத்துத் தூங்க வேண்டும். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குதிகால் தடத்தில் சோப்பைப் போட்டாள்.